பருத்தி இலையின் மயிரும் தத்துப்பூச்சியும்

பருத்தி பயிரிடும் அங்கத்தினருக்கும், சுங்குடிச் சேலைக்கு நூல் வாங்கும் நெசவாள அங்கத்தினருக்கும் ஒருங்கே அக்கறையுள்ள பொருள் இது. பூச்சியைத் தடுக்கும் குணம் செடியின் பிறவியிலேயே அமைவதுண்டு. பயிர்க்கடனில் மருந்துச் செலவு எத்தனை பங்கு என்பது சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்வோருக்கு நன்கு தெரியும். ஆகவே இதனை அறிவது வீண் படிப்பன்று.

தத்துப்பூச்சி, இலையின் அடிப்புறத்து நரம்பினுள் முட்டையிடுகிறது. குஞ்சுகள் சாற்றை உறிஞ்ச, இலையோரம் கீழ்நோக்கிச் சுருண்டு, மஞ்சளித்து, பின் சிவந்து கருகும். மயிரடர்ந்த இலையில் பூச்சியால் நரம்பை எளிதில் எட்ட முடிவதில்லை. தென்னாப்பிரிக்காவில் பார்னெல் என்பவர் 1920-களில் இத்தகைய செடிகளைத் தேர்ந்தெடுக்கலானார். மயிர் அடர்த்தியாக இருந்தால் மட்டும் போதாது, நீளமாகவும் இருத்தல் வேண்டும் என்று அவரும் உடனுழைத்தோரும் 1949-இல் விளக்கினர்.

இக்குணம் பெற்றோரிடமிருந்து சந்ததிக்கு இறங்குவது. சூடானில் ஆராய்ந்த நைட், இதற்குரிய ஜீன்கள் இரண்டை எச்-1, எச்-2 எனப் பெயரிட்டு 1952-இல் வெளியிட்டார். மயிருள்ள செடியை வழுவழுப்பான செடியுடன் ஒட்டினால், முதற் தலைமுறையில் மயிர் பெரும்பாலும் மேலோங்கும். அடுத்த தலைமுறையில் இரு வகையும் பிரிந்து தோன்றும். துணை ஜீன்களும் குறுக்கிடுவதால், கணக்கு எப்பொழுதும் மூன்றுக்கு ஒன்றென்று நேராக வருவதில்லை.

இனி நெசவாளர் கவனிக்க வேண்டிய இடம். இலையை வெல்வெட்டுப் போல் ஆக்கும் எச்-2, பஞ்சின் இழையைக் குட்டையாகவும் தடிப்பாகவும் ஆக்கிவிடுகிறது. அப்பஞ்சில் உயர்ந்த நம்பர் நூல் நூற்க இயலாது. பூச்சி ஒழிந்தது, நூலும் ஒழிந்தது என்னும் இப்பேரம் நமக்கு ஒவ்வாது. எச்-1 இத்தகைய கெடுதல் செய்வதன்று. ஆயினும் மயிரிலை வெள்ளை ஈக்கு உகந்தது; காய்ப்புழுவின் அந்துப்பூச்சியும் அதில் முட்டையிட விரும்பும்.

2002-இல் நம் நாட்டில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் கதை வேறு. மண்ணிலுள்ள ஒரு பாக்டீரியாவின் ஜீன் அதில் புகுத்தப்பட்டுள்ளது. அது காய்ப்புழுவை நோக்கியது. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியை அது தொடுவதில்லை. பி.டி. விதை வாங்கினோம், இனி எப்பூச்சியும் வராது என்று சிலர் எண்ணுவது தவறு. விதை வாங்குமுன், அந்த ரகம் விளைந்த வயலுக்குச் சென்று இளம் இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். இழை நீளத்தையும் கேட்டறியுங்கள்.