மின்சார பஸ்: முதலில் மின்னிணைப்பு, பிறகு வண்டி

2022 ஜூன் 28 முதல் இரண்டு வாரங்களுக்கு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று இலங்கை அரசு அறிவித்தது. கப்பலில் டீசல் வராவிட்டால் மலையகத்துப் பாதைகள் என்னவாகும் என்பதை அந்த நாட்கள் காட்டின. ஆனால் ஹட்டனிலிருந்து சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணி வரும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே தெரிவது மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம். அந்தத் தண்ணீர்தான் கெனியன், புதிய லக்சபான மின்நிலையங்களை ஓட்டுகிறது. நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் இந்த மலைகளில் ஓடும் பஸ்கள் இறக்குமதி டீசலையே நம்பியிருக்கின்றன.

இதை மாற்ற முடியுமா? முடியும் என்று பல நகரங்கள் செய்து காட்டியுள்ளன. எந்த வரிசையில் மாற்றுவது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

டில்லி கற்ற பாடம் என்ன?

டில்லியின் காற்று மாசு தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1998 ஜூலை 28இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவிட்டது. 2001 மார்ச் 31க்குள் நகர பஸ்கள் அனைத்தும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது சி.என்.ஜி.க்கு, மாற வேண்டும் என்பதே அது. கெடு தவறியது. வண்டிகள் வந்த வேகத்தில் எரிவாயு நிரப்பும் நிலையங்கள் வரவில்லை. பஸ்களும் ஆட்டோக்களும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன, பயணிகள் தெருவில் தவித்தார்கள். 2002 இறுதியில்தான் மாற்றம் நிறைவேறியது. நீதிமன்றம் விடாப்பிடியாக நின்றிராவிட்டால் அதுவும் நடந்திருக்காது. ஆனால் நிரப்பும் இடத்தை முதலில் அமைத்திருந்தால் மக்கள் பட்ட அவதியில் பெரும் பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

சென்னை என்ன செய்கிறது?

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30இல் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்களை ஓட்டத் தொடங்கியது. உலக வங்கியின் உதவியோடு நடக்கும் திட்டம் இது. ஒருமுறை முழுதாக மின்னேற்றினால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் என்பது கணக்கு. பஸ்கள் ஓடத் தொடங்கும்போதே டிப்போவில் மின்னேற்றும் வசதிகள் தயாராக இருந்தன.

வண்டியும் சாரதியும் பராமரிப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. நடத்துநரும் டிக்கெட் வருமானமும் கழகத்துக்கு உரியவை. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கழகம் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது. இதனால் விலை கூடிய பஸ்ஸை ஒரே தடவையில் வாங்க வேண்டிய சுமை குறைகிறது. அதேவேளை, இது தனியார்மயத்துக்கு வழி என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. இலங்கை போக்குவரத்துச் சபை இதே வழியில் போவதானால், இப்போதிருக்கும் சாரதிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் புதிய வண்டியில் பயிற்சி தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மலைப் பாதைக்கு மின்சார பஸ் தாங்குமா?

ஆட்களோடு 15 தொன் எடையுள்ள ஒரு பஸ் 100 மீற்றர் உயரம் ஏற, உராய்வையும் காற்றையும் விட்டுவிட்டால், ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் தேவை. டீசல் பஸ் அதே உயரத்தை இறங்கும்போது அந்தச் சக்தி முழுவதும் வீணாகிறது. சாரதி கியரைக் குறைத்து பிரேக்கை மிதித்து இறக்குகிறார், பிரேக் கட்டை தேய்ந்து தீய்ந்த வாடை உள்ளே வரைக்கும் வருகிறது. மின்சார பஸ்ஸில் சாரதி அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடும். வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டே, செலவான சக்தியில் ஒரு பகுதியை பெற்றரிக்குத் திருப்பிக் கொடுக்கும்.

ஆனால் பெற்றரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு அங்கே இடமிருக்காது. எனவே மேட்டிலுள்ள டிப்போவில் நூறு வீதம் ஏற்றிவிட்டு இறக்கத்தில் விடக் கூடாது. எந்த நிறுத்தத்தில் எவ்வளவு ஏற்றுவது என்பதைப் பாதையின் ஏற்ற இறக்கம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சமதரையில் 200 கிலோமீட்டர் ஓடும் வண்டி இங்கேயும் அவ்வளவு ஓடும் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஹட்டனுக்கும் நல்லதண்ணிக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த வீதியில் ஒரு வண்டியை மழைக்காலத்திலும் யாத்திரைப் பருவகாலத்திலும் ஓட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றை வாங்க வேண்டும்.

மின்சாரம் எங்கிருந்து?

சிவனொளிபாதமலைப் பருவகாலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்குடன் முடிகிறது. அதில் பல மாதங்கள் வறட்சியானவை. நீர்மின்சாரம் குறையும்போது நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் எண்ணெய் நிலையங்களும் ஈடுகட்டுகின்றன. இரவில் எல்லா பஸ்களையும் செருகி வைத்தால், இங்கே டீசல் புகையைக் குறைத்து அங்கே நிலக்கரிப் புகையைக் கூட்டுவோம்.

பகலில் நிலைமை வேறு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவையை மிஞ்சி மின்சாரம் வந்ததால், கூரைச் சூரியப் பலகைகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. யாத்திரிகர்களோ இரவில் மலையேறி, சூரிய உதயம் பார்த்து, காலையில் இறங்குகிறார்கள். நடுப்பகலில் கூட்டம் தணியும். அப்போது நல்லதண்ணி பஸ் நிலையத்தில் நிற்கும் வண்டிகள், மிஞ்சிப்போகும் அந்தச் சூரிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

சிறிய பிரதேச சபை எங்கே தொடங்கலாம்?

மின்சாரத்துக்கு மாறுவது பஸ்களோடு நிற்க வேண்டியதில்லை. சென்னையிலும் தமிழகத்தின் பல ஊர்களிலும் குப்பை அள்ள பெற்றரி வண்டிகள் ஓடுகின்றன. மெதுவாக, நின்று நின்று, குறுகிய தூரம் போகும் இந்த வேலைக்கு மின்மோட்டார் நன்றாகப் பொருந்தும். பருவகாலத்தில் நல்லதண்ணியில் குவியும் குப்பையை அள்ளும் மஸ்கெலியா பிரதேச சபைக்கு, ஓரிரண்டு வண்டிகளோடு தொடங்குவது கைக்கெட்டும் காரியம். செங்குத்தான தோட்டப் பாதைக்கு ஏற்ற வலுவுள்ள வண்டியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் செலவு செய்ய இருந்த சட்டத் தடையும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு தளர்ந்துவிட்டது. ஆகவே அந்த வண்டி கடைவீதியோடு நின்றுவிடாமல் லயங்கள் வரைக்கும் போக வேண்டும்.

சீனாவின் ஷென்சென் நகரம் 2017 இறுதியில் தன் 16,000க்கும் மேற்பட்ட பஸ்கள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றியது. அத்தனை பெரிய பணம் நம்மிடம் இல்லை. ஆனால் பாதையை அளப்பதற்கும், மின்னிணைப்புக்கு விண்ணப்பிப்பதற்கும், மெக்கானிக்கைப் பயிற்சிக்கு அனுப்புவதற்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் வாகனம் வாங்கப் பணம் ஒதுக்கும் ஒவ்வொரு சபையிடமும், இந்த மூன்றும் முடிந்துவிட்டதா என்று மக்கள் முதலில் கேட்க வேண்டும்.