உழைப்போர் கணக்கு

ஒரு நாட்டின் செல்வம் யாது? மலையில் புதைந்து கிடக்கும் இரும்பும், வயலில் விளையும் நெல்லும் செல்வமே. எனினும், இரும்பைத் தோண்டி எடுக்கவும் நெல்லை விளைவிக்கவும் மக்களின் கைகள் வேண்டும். ஆதலின், உழைக்கும் மக்களே நாட்டின் முதற்செல்வம் ஆவர். அச்செல்வத்தைக் கணக்கிடும் முறையினையும், அக்கணக்கினுள் மறைந்து நிற்பவற்றையும் இப்பாடத்திற் காண்போம்.

பொருளியலார் நாட்டு மக்களை மூன்று பிரிவினராகப் பகுப்பர். வேலை செய்வோர் முதற்பிரிவினர். வேலையில்லாது, அதனைப் பெற விரும்பி நிற்போர் இரண்டாம் பிரிவினர். இவ்விரு பிரிவினரையும் சேர்த்து உழைப்பாளர் படை என்பர். பள்ளியிற் பயிலும் மாணவர், முதுமையுற்று ஓய்ந்தோர், தம் வீட்டுப் பணியில் மட்டும் ஈடுபட்டோர் ஆகியோர் மூன்றாம் பிரிவினர்; இவர்கள் அப்படைக்குப் புறம்பானவர்கள். உழைப்பாளர் படையில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையின்றி உள்ளனரோ, அதுவே வேலையின்மை வீதம் எனப்படும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு சிற்றூரில் உழைப்பாளர் படையினர் 100 பேர் எனக் கொள்வோம். அவருள் 90 பேர் வேலை செய்கின்றனர். 10 பேர் வேலையின்றி உள்ளனர். வேலையின்மை வீதம் நூற்றுக்குப் பத்து. அப்பதின்மருள் ஐவர், பல திங்கள் அலைந்தும் பயன் காணாது, வேலைக்குச் செல்லும் எண்ணத்தையே கைவிட்டு வீட்டோடு தங்கிவிடுகின்றனர். இப்பொழுது படையினர் 95 பேர். வேலையற்றோர் 5 பேர். வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆயின், அவ்வூரில் புதிய வேலை ஒன்றேனும் தோன்றிற்றா? இல்லை. ஆகவே, வீதம் குறைந்தது என்று கேட்டவுடன் மகிழ்ந்துவிடாது, அஃது எவ்வாறு குறைந்தது என ஆராய்தல் வேண்டும்.

இந்திய அரசினர் 2017-ஆம் ஆண்டு முதல் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பினை நடத்தி வருகின்றனர். அதன்படி, 2017-18-இல் நூற்றுக்கு 6.1 ஆக இருந்த வேலையின்மை வீதம் 2023-24-இல் 3.2 ஆகக் குறைந்தது. அதே 2023-24-இல் வேலை செய்வோருள் நூற்றுக்கு 46 பேர் வேளாண்மையில் ஈடுபட்டிருந்தனர். நாட்டு வருவாயிலோ வேளாண்மையின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவே. இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் நோக்குவோம். இருவர் உழைத்தால் போதுமான சிறு நிலத்தில், வேறு தொழில் கிட்டாமையால் ஐவர் உழைக்கின்றனர். மூவர் விலகினும் விளைச்சல் குறையாது. ஆயினும், கணக்கேட்டில் ஐவரும் வேலை செய்வோரே. இந்நிலையை மறைமுக வேலையின்மை என்பர்.

மற்றொன்றும் காண்போம். பெண்மணி ஒருவர் உணவு விடுதியில் ஊதியம் பெற்றுச் சமைப்பாராயின் அவர் வேலை செய்பவர். அதே உணவைத் தம் இல்லத்தார்க்குச் சமைப்பதோடு நிற்பாராயின் உழைப்பாளர் படைக்குப் புறம்பானவர். அடுப்பு ஒன்றே, உழைப்பும் ஒன்றே, கணக்கு மட்டும் வேறு! 2019-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்கள் நாள்தோறும் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அப்பணிக்குச் செலவிட்டனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உழைத்தும், அவ்வுழைப்பால் மட்டும் ஒரு பெண் உழைப்போர் கணக்கில் இடம் பெறுவதில்லை.

இவ்வாறு கூறுவதால் கணக்கெடுப்புப் பயனற்றது எனக் கொள்ளலாகாது. எவ்விடத்துத் தொழிற்சாலை வேண்டும், எவர்க்குத் தொழிற்பயிற்சி வேண்டும் என அரசினர் திட்டமிடுதற்கு அஃது இன்றியமையாதது. எண்ணைப் படிப்போர், அவ்வெண் யாரைச் சேர்த்தது, யாரை விடுத்தது என்பதனையும் உடன் அறிதல் வேண்டும் என்பதே கருத்து.

மாணவர்களே! "உங்கள் அன்னையார் என்ன வேலை செய்கிறார்?" என எவரேனும் வினவினால், "சும்மா வீட்டில் இருக்கிறார்" என விடையிறுத்தல் நம்மிடையே வழக்கமாக உள்ளது. விடியுமுன் எழுந்து, அனைவரும் உறங்கிய பின் உறங்கச் செல்பவரை அவ்வாறு கூறுதல் தகுமா? கணக்கேட்டில் இடம் பெறாத உழைப்பையும் மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அம்மதிப்பை இன்றே உங்கள் இல்லத்திலிருந்து தொடங்குங்கள்.