வீடு இருக்கிறது, கையில் காசில்லை



நம் அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்களில் ஒரு வகை இப்போது அதிகமாகி வருகிறது. மனு கொடுப்பவர் எழுபதைத் தாண்டிய தாயாராக இருப்பார். குடியிருப்பது சொந்த வீடு, பெரும்பாலும் மாடி வீடு. கணவர் வஃபாத்தாகிவிட்டார். பிள்ளைகள் சென்னையிலோ, கேரளத்திலோ, அரபு நாட்டிலோ இருக்கிறார்கள். அவர் கேட்பது மாத்திரை வாங்க மாதம் ஆயிரம் ரூபாய். குடியிருக்கும் வீட்டை வைத்து ஒருவரை வசதியுள்ளவர் என்று கணக்கிட முடியாது என்பதால் ஜகாத்திலிருந்து கொடுக்க வழியுண்டு. (மாடி பூட்டிக் கிடந்தால் கணக்கு மாறலாம். அதை ஹஜ்ரத் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.) ஆனாலும் மனுவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். வாழ்நாள் சம்பாத்தியம் எல்லாம் செங்கலாகவும் சிமெண்டாகவும் நிற்கிறது. அதை இடிக்காமல், விட்டுப் போகாமல், அதிலிருந்தே முதுமைச் செலவுக்கு ஏதாவது எடுக்க முடியாதா?

"எங்களோடு வந்து இருங்கள்" என்று பிள்ளைகள் கூப்பிடாமல் இல்லை. ஆனால் பாங்கு சத்தம் கேட்கும் தூரம், அண்டை வீட்டாரின் முகம், கணவர் அடங்கிய கபர்ஸ்தான், இவற்றை விட்டுவிட்டு நாலாவது மாடி பிளாட்டில் போய் உட்கார அவர்களுக்கு மனம் வருவதில்லை. அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டை வைத்து முதியோர் பணம் பெறுவதற்கென்றே அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. 2007-08 மத்திய பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் அறிவித்தார். தேசிய வீட்டுவசதி வங்கி அதற்கு விதிமுறை வகுத்தது. பெயர் ரிவர்ஸ் மார்ட்கேஜ். சாதாரண வீட்டுக் கடனில் நாம் மாதாமாதம் வங்கிக்குக் கட்டுவோம். இதில் வங்கி நமக்குத் தரும். 60 வயது நிறைந்திருக்க வேண்டும், வீடு சொந்தப் பெயரில் இருக்க வேண்டும், அதில் அவரே குடியிருக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து வாங்கினால் மற்றவருக்கு 55 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதிகபட்சம் 20 ஆண்டு வரை பணம் வரும். அதன் பிறகு பணம் நின்றாலும், இருவரில் கடைசியாக இருப்பவர் மவ்த்தாகும் வரை வீட்டில் இருக்கலாம். பிறகு வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம், இல்லையேல் வங்கி விற்று எடுத்துக்கொள்ளும். வீட்டின் மதிப்பை விடக் கடன் கூடிப்போனாலும் வாரிசுகளின் மற்றச் சொத்தில் வங்கி கை வைக்க முடியாது. வரும் தொகைக்கு வருமான வரியும் கிடையாது. முதியவரைத் தெருவில் நிறுத்தக் கூடாது என்ற கவனத்தோடு செய்த திட்டம்தான் இது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அடியில் ஓடுவது வட்டி, அதுவும் வட்டிக்கு வட்டி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 5,000 ரூபாய், 10 சதவீத வட்டி, 15 ஆண்டு என்று வைப்போம். கைக்கு வந்தது 9 லட்சம். வீட்டின் மேல் ஏறியிருக்கும் கடன் 20 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. அல்பகரா அத்தியாயத்தின் 275-ஆம் வசனம் வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியது நாம் அறிந்ததே. வட்டியில்லா வங்கி முறை வேண்டும் என்று 2008-இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. இஸ்லாமிய வங்கி முறையைக் கொண்டுவரும் யோசனையைத் தொடரப் போவதில்லை என்று 2017-இல் ரிசர்வ் வங்கி முடிவு செய்துவிட்டது. ஆக வங்கி வாசல் நமக்குத் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அது திறந்திருந்தாலும் பாட்டனார் பெயரில் நத்தம் பட்டா, பாகம் பிரிக்காத வாரிசுகள் ஆறு பேர் என்று நிற்கும் வீட்டை எந்த வங்கியும் ஏற்காது.

அடுத்து நம் பக்கத்தில் எல்லோரும் நினைப்பது ஒத்தி. "வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை, ஹலால்தானே" என்று என்னிடமே பலர் வாதாடியிருக்கிறார்கள். மாடியை 2 லட்சத்துக்கு ஒத்திக்கு விடுகிறோம். வந்தவர் வாடகையில்லாமல் இருக்கிறார். முடியும்போது 2 லட்சத்தையும் முழுதாகத் திருப்பிக் கேட்பார். அந்த மாடிக்கு மாதம் 2,000 வாடகை வரும் என்றால் ஐந்து வருடத்தில் 1,20,000 ரூபாய். அந்தத் தாய் வாங்கிய கடனுக்குக் கொடுத்த விலை அது. பெயர்தான் வட்டி இல்லை. அடமானம் வைப்பது மார்க்கத்தில் தடையில்லை. நபி (ஸல்) அவர்களின் கவசமே வஃபாத்தின்போது வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்ததாக ஹதீஸ் உண்டு. தடை வருவது, கடன் கொடுத்தவர் அந்த அடமானப் பொருளை வைத்துப் பலன் அடையும்போதுதான். மீட்டுக்கொள்ளும் நிபந்தனையோடு விற்பதாகப் பெயர் மாற்றிச் செய்த வகையை முற்காலத்தில் ஹனஃபி அறிஞர்கள் சிலர் அனுமதித்தார்கள். ஜித்தா ஃபிக்ஹ் அகாடமி 1992-இல் அதையும் கூடாது என்றே தீர்மானித்தது.

மார்க்கம் ஒருபுறம் இருக்கட்டும். முதியவருக்கு ஒத்தியால் வரும் ஆபத்து வேறு. அந்த 2 லட்சம் ஆஸ்பத்திரியில் கரைந்துவிடும். தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கப் பணம் இருக்காது. வயது எண்பதாகியிருக்கும். அப்போது வீட்டையே விற்கும்படி ஆகும், அதுவும் வந்த விலைக்கு.

அதனால்தான் சொல்கிறேன், வெறும் வாடகைக்கு விடுவதே மேல். வெளிப்பக்கமாகத் தனிப்படி போட்டால் பர்தாவுக்கும் பங்கமில்லை. ஆசிரியர் குடும்பமோ நர்ஸ் குடும்பமோ வந்தால் ராத்திரி கூப்பிட்ட குரலுக்கு ஆளும் ஆயிற்று. பின்பக்கம் காலி மனை கிடந்தால் அதை மட்டும் அளந்து விற்கலாம். "அத்தா வாங்கிப் போட்டதை விற்பதா" என்று பிள்ளைகள் சங்கடப்படுகிறார்கள். உயிரோடும் நல்ல சுகத்தோடும் இருக்கும் ஒருவரின் சொத்தில் வாரிசுகளுக்கு எந்தப் பங்கும் கிடையாது. பங்கு பிறப்பது மவ்த்துக்குப் பிறகுதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பணம் வேண்டும் என்றதும் நம்மில் பலர் செய்வது வீட்டை ஒரு பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது. "எழுதித் தாருங்கள், கடைசி வரை நான் பார்த்துக்கொள்கிறேன்." சொல்லும்போது அந்தப் பிள்ளை பொய் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாய் அப்படித்தான் ஹிபா செய்தார். பத்திரத்தில் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்ற ஒரு வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்று வருடத்தில் மகனுக்குத் தொழிலில் நஷ்டம். வீடு கடனில் போனது. மகன் அழுதான், தாயும் அழுதார். வீடு திரும்பவில்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது. அதன் 23-ஆவது பிரிவு சொல்வதன் சாரம் இது: அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. "நிபந்தனையோடு" என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததை நிரூபிக்காவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீக்ஷித் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றும், வீட்டைத் திரும்ப ஒப்படைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றும் சொன்னது. அந்தத் தாயிடம் மகன் தனியே ஒரு உறுதிமொழி எழுதித் தந்திருந்தார். அந்தக் காகிதம் வழக்கைக் காப்பாற்றியது.

நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். முஸ்லிம்களின் ஹிபா வாய்ச்சொல்லாலும் செல்லும். கொடுப்பதாகச் சொல்வது, ஏற்பது, ஒப்படைப்பது மூன்றும் நடந்தால் போதும், பதிவு கட்டாயமில்லை என்று 2011-இல் ஹஃபீஸா பீவி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. வாயால் கொடுத்ததில் நிபந்தனையை எப்படி நிரூபிப்பது? ஹிபாவோடு சேர்த்த நிபந்தனை நிற்குமா, ஹிபா மட்டும் நிற்குமா என்பது ஃபிக்ஹிலும் நீண்ட விவாதம். ஆனால் 2007 சட்டத்தின் 3-ஆவது பிரிவு, மற்றச் சட்டங்களில் மாறாக என்ன இருந்தாலும் இதுவே மேலோங்கும் என்கிறது. ஆகவே கொடுத்தே தீர வேண்டுமென்றால் எழுதிப் பதிவு செய்து கொடுங்கள். சாகும்வரை அந்த வீட்டில் குடியிருப்பது, மாதம் இவ்வளவு செலவுக்கு, மருத்துவம் யார் பொறுப்பு, தவறினால் ரத்து, எல்லாம் பத்திரத்திலேயே இருக்கட்டும். குடும்பத்துக்குள் செய்யும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தாள் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000.

ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுப்பது பற்றி நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸ் நினைவிருக்கட்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும், அவருடைய தந்தை அந்த அன்பளிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மரணப் படுக்கையில் கொடுப்பது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது, வாரிசுக்குக் கொடுத்தால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். ஐசியூ வாசலில் கைநாட்டு வாங்கும் வேலை மார்க்கத்திலும் நிற்காது.

கொடுப்பதை விட நல்லது, பிள்ளைக்கு விற்பது. பல குடும்பங்களுக்கு இது தோன்றுவதே இல்லை. மகன் எப்படியும் மாதம் 8,000 ரூபாய் அனுப்புகிறார். அதையே நியாயமான விலை பேசி, தவணைப் பணமாக அனுப்பினால் தாய்க்குக் கையேந்தும் கூச்சமில்லை, மற்றப் பிள்ளைகளுக்கு "வீட்டைச் சும்மா எழுதி வாங்கினான்" என்ற மனக்குறையும் இல்லை. ஆனால் விலையும் தவணை எண்ணிக்கையும் முதலிலேயே முடிவாக வேண்டும். "உயிரோடு இருக்கும் வரை மாதம் இவ்வளவு" என்று பேசினால் அது நிச்சயமற்ற வியாபாரம். பிரான்ஸில் அப்படி விற்கும் வழக்கம் உண்டு. 1965-இல் ஆர்ல் நகரில் ழான் கால்மான் என்ற 90 வயதுப் பெண்மணியின் வீட்டை, மாதம் 2,500 பிராங்க் தருவதாகச் சொல்லி ஒரு பத்திர வழக்கறிஞர் வாங்கினார். வாங்கியவர் முப்பது வருடம் கட்டி 1995-இல் இறந்துபோனார். அந்தப் பெண்மணி 1997-இல் தன் 122-ஆம் வயதில்தான் இறந்தார். அதுவரை அவருடைய மனைவி கட்டினார். ஒருவர் எப்போது போவார் என்று மற்றவர் எண்ணிக்கொண்டிருக்கும் ஒப்பந்தம் நமக்கு வேண்டாம். தவணை முடியும் முன் தாய் மவ்த்தானால் மீதித் தொகை அவருக்கு வரவேண்டிய கடன். அது எல்லா வாரிசுகளுக்கும் பாகமாகும். விற்ற பிறகு தாய் அங்கேயே குடியிருப்பதைத் தனி ஒப்பந்தமாக எழுதுவது பாதுகாப்பு. விற்பனையோடு அதைக் கலப்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. கட்ட வேண்டிய பாக்கி எவ்வளவு என்று கிரையப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பாக்கி தீரும் வரை விற்றவருக்கு அந்தச் சொத்தின் மேல் உரிமை உண்டு என்பது சொத்து மாற்றுச் சட்டம்.

இவ்வளவு தூரம் போகாமலே தீரும் தேவைகளும் இருக்கின்றன. வெஸ்டர்ன் கழிப்பறை, சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, ராத்திரி எரிய ஒரு விளக்கு, இவற்றுக்கு வீட்டை விற்க வேண்டியதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஆகும் செலவில் இது சிறு பங்கு. சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் பிசியோதெரபியும் மக்களைத் தேடி மருத்துவம் மூலம் 2021 முதல் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் தெருவுக்கு வரும் பணியாளரிடம் பெயரைப் பதியுங்கள்.

பிள்ளைகள் கவனிக்காமல் விட்டவர்கள் சங்கரன்கோவில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். அவர்தான் தீர்ப்பாயத் தலைவர். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். முதியோர் உதவி எண் 14567.

வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதே தெரியாத குடும்பங்கள் முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, தகப்பனார் வஃபாத்தாகியிருந்தால் வாரிசுச் சான்று, இவற்றை ஒரு பையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். ஹஜ்ரத் அவர்களும் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். கைப்பிடி, கழிப்பறை வேலைக்குக் கர்ளு ஹஸனா கேட்பவர்கள் கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கி வந்தால் போதும். கையெழுத்துப் போட்ட பிறகு வராதீர்கள், போடும் முன் வாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்