தீப்புண் வலிக்குத் தரும் மாத்திரையும் செவிலியர் சொல்லும் விவரமும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் தறியிலும் வயலிலும் வரும் வருவாய் போதாமையால், நம் சங்க அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரோ இருவரோ பட்டாசு வேலைக்கும் சென்று வருகின்றனர். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சன்குளத்திலும் நேர்ந்த விபத்துக்களை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க இயலாது. மாண்டவர்களைப் பற்றிப் பலரும் எழுதினர். தீப்புண்ணோடு பிழைத்து வீடு திரும்புகிறவர் கையில் ஆஸ்பத்திரியார் கொடுத்தனுப்பும் மாத்திரை உறையைப் பற்றி நாம் இங்கே எழுத விரும்புகிறோம்.

தீப்புண்ணின் வலி, கட்டுப் பிரித்துப் புண்ணைக் கழுவும் வேளையில் பன்மடங்காகிறது. சாதாரண மாத்திரைக்கு அது அடங்காதபோது மார்பின் ஊசியும், வலி சற்றுக் குறைந்தபின் டிரமடால் போன்ற மாத்திரையும் தருகின்றனர். மார்பின் அபினிலிருந்து எடுக்கப்படுவது. நாம் குழம்புக்கு அரைக்கும் கசகசா அந்தச் செடியின் விதையே. டிரமடால் தொழிற்சாலையில் செய்யப்படுவதாயினும் அதே வகையில் வேலை செய்வது. வலியை மூளை உணராதபடி தணிப்பது இவற்றின் குணம். அளவு மிஞ்சினால் மூச்சையே தணித்துவிடுவதும் இவற்றின் குணம். பட்டாசில் செலுத்துவதையும் நம்மவர் மருந்து என்றுதான் சொல்லுகின்றனர். அறைக்கு இவ்வளவுதான் என்று அதற்கு அளவு வைத்திருப்பதன் காரணத்தை அத்தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அளவுக்கு அஞ்சுவது வேறு, மருந்துக்கே அஞ்சுவது வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சிப் பல ஆஸ்பத்திரிகள் மார்பினை வாங்கி வைக்கவே தயங்கின. புற்றுநோயாளிகள் வலியிலேயே துடித்தனர். 2014இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்காவிலோ 1990களின் பிற்பகுதி முதல் இவ்வகை மாத்திரைகளைத் தாராளமாக எழுதிக் கொடுத்ததன் விளைவாகப் பெருந்தொகையினர் அடிமையாயினர், பலர் மாண்டனர். டிரமடாலையும் 2018இல் நம் அரசினர் அச்சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தனர். எனினும், “போதை மாத்திரை” என்று உறையோடு வீசிவிடும் வீட்டார் செய்வது நன்மையன்று. வலி தாளாதவர் வெந்த கையை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யமாட்டார். தோல் சுருங்கி விரல்கள் இறுகிப்போகும். அந்தக் கை பிறகு தறியில் நாடா ஓட்ட உதவாது.

ஆகவேதான், நாம் ‘சிஸ்டர்’ என்றழைக்கும் செவிலியர் வீட்டுக்கு அனுப்புமுன் சொல்லும் விவரமும் சிகிச்சையில் ஒரு பகுதியாகிறது. நன்கு பயின்ற செவிலியர் முதலில் கேட்பார்: குடிப்பழக்கம் உண்டா, தூக்க மாத்திரை உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று. குடும்பத்தின் முன் கூச்சப்பட்டு மறைப்பவர் அநேகர். சாராயமும் இம்மாத்திரையும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகக் கூடுமாதலின், இவ்விடத்தில் மானம் பார்ப்பது தகாது. விவரம் கூறியபின் “புரிந்ததா?” என்று கேட்டால் யாவரும் தலையசைப்பர். ஆதலால் அவர் அப்படிக் கேளாமல், “வீட்டில் எப்படிக் கொடுப்பீர்கள், சொல்லுங்கள் அம்மா” என்று திருப்பிச் சொல்லச் செய்வார். கூட்டம் மிகுந்து அவருக்கு நேரமில்லையெனில், நாமே ஒருமுறை அவர் முன் சொல்லிக் காட்டிச் சரிதானா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் தவறுவது ஒன்றுண்டு. டிரமடால் மாத்திரை பலவற்றில் பாரசிட்டமாலும் கலந்திருக்கிறது. காய்ச்சலென்று கடையில் மேலும் பாரசிட்டமால் வாங்கி விழுங்கினால், பெரியவர்க்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பு தாண்டி ஈரல் கெடலாம். மாத்திரை தின்னும் நாட்களில் தூக்கக் கலக்கம் இருக்கும். வண்டி ஓட்டுவதும், மருந்து அறைக்கு வேலைக்குச் செல்வதும் கூடா. மலச்சிக்கல் வரும், டாக்டரிடம் சொன்னால் அதற்கும் மருந்துண்டு. பல வாரங்கள் தின்றவர் திடீரென நிறுத்தாமல் டாக்டர் சொற்படி குறைக்க வேண்டும். மிஞ்சியதை இடுப்பு வலி என்று வரும் அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது உதவியாகாது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிரமடால் ஆகவே ஆகாது. பூட்டிய பெட்டியில் வைத்து, மீதியை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பித்தர இயலுமா என்று விசாரிக்க வேண்டும். இயலாவிடின் சாம்பலில் கலந்து உறையிட்டுக் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம்.

மாத்திரை தின்றவர் தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மெலிந்து, உதடு நீலம் பாரித்து, கண்மணி கடுகளவாய்ச் சுருங்கிக் கிடந்தால் விடியட்டுமென்று காத்திருக்கலாகாது. உடனே 108க்குச் சொல்ல வேண்டும். வாயில் நீரோ மோரோ ஊற்றாமல் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். இதற்கு நலோக்ஸோன் என்ற முறிமருந்து உண்டு. எந்த மாத்திரை, எத்தனை, எப்பொழுது என்பது தெரிந்தால் டாக்டர் விரைந்து செயலாற்றுவார். ஆதலின் காலியான மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லவேண்டும்.