இலண்டனில் மகனின் லீவு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்

மகளின் பிரசவத்துக்கு உதவியாகவும், மகனின் குடும்பத்தோடு சில மாதங்கள் தங்கிவரவும் நம் தாய்மார் பலர் இலண்டன் செல்கின்றனர். போன இடத்தில் அநேகருடைய நாட்கள் நான்கு சுவர்களுக்குள்ளேயே கழிந்துவிடுகின்றன. பிள்ளைகள் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். வெளியே செல்ல வேண்டுமானால் அவர்களது லீவு நாள் வர வேண்டும். "பாதையும் தெரியாது, பாஷையும் தெரியாது" என்ற பயமே இதற்குக் காரணம். சகோதரிகளே, அந்நகரின் போக்குவரத்து ஒரு சில விதிகளுக்குள் அடங்கிவிடும். அவற்றைத் தெரிந்துகொண்டால் நீங்களும் தைரியமாகப் போய்வரலாம்.

விமான நிலையத்திலிருந்து

ஹீத்ரோ விமான நிலையம் நகர மையத்துக்கு மேற்கே ஏறத்தாழ 24 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. அங்கிருந்து மூன்று ரயில்கள் உண்டு. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிடத்தில் பாடிங்டனை அடையும். ஆனால் கட்டணம் அதிகம். பிக்கடில்லி பாதையில் செல்லும் பாதாள ரயிலுக்கே ஆகக் குறைந்த கட்டணம். நகர மையத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடிக்கும். 2022 மே மாதம் திறக்கப்பட்ட எலிசபெத் பாதை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாடிங்டனுக்கு அரை மணித்தியாலம்.

முழங்கால் வலி உள்ளவர்களும் பாரமான பெட்டிகளோடு வருபவர்களும் எலிசபெத் பாதையையே தெரிவு செய்வது நல்லது. அதன் எல்லா நிலையங்களிலும் படியேறாமல் மேடைக்குச் செல்லலாம். பாதாள ரயிலோ 1863 இல் ஆரம்பமானது. அதன் நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில்தான் இவ்வசதி உண்டு. ஆகவே புறப்படுமுன், இறங்கும் நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு அட்டை

2014 ஜூலை முதல் இலண்டன் பஸ்களில் காசு வாங்குவதில்லை. ஒயிஸ்டர் அட்டை அல்லது தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை தேவை. ஓர் அட்டையில் இருவர் செல்ல முடியாது. நம் நாட்டு வங்கி அட்டைக்கு மேலதிகக் கட்டணம் அறவிடப்படலாம் என்பதால், நீண்ட நாள் தங்குபவர்களுக்கு ஒயிஸ்டரே வசதி.

பஸ்ஸில் ஏறும்போது மாத்திரம் அட்டையைத் தொட்டால் போதும். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். மறந்தால் ஆகக் கூடிய கட்டணம் கழிக்கப்படும். வாயிற்கதவு இல்லாத நிலையங்களும் உண்டு. அங்கே மஞ்சள் நிறக் கருவியைத் தேடித் தொடுங்கள். நாள் முழுவதும் ஒரே அட்டையைப் பாவித்தால், எத்தனை முறை பிரயாணம் செய்தாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கழிக்கப்படமாட்டாது.

பழகுவதற்கு பஸ்ஸே சிறந்தது. மாடிப்படி இல்லை, பாதையைப் பார்த்துக்கொண்டே போகலாம், அடுத்த தரிப்பிடத்தின் பெயரும் அறிவிக்கப்படும். முதல் பஸ்ஸில் ஏறி ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு பஸ்ஸுக்கு மாறினால் மீண்டும் கட்டணம் இல்லை. பதினொரு வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளைகளுக்கு பஸ்ஸில் இலவசம். பாதாள ரயிலிலும் பெரியவர் ஒருவரோடு நான்கு பிள்ளைகள் வரை இலவசமாகச் செல்லலாம்.

சில எச்சரிக்கைகள்

வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் ரயிலில் நெரிசலும் கட்டணமும் கூடுதல். நகரும் படிக்கட்டில் வலப் பக்கமாக நில்லுங்கள். இடப் பக்கம் அவசரமாகச் செல்பவர்களுக்குரியது. இரவில் வீதியில் நின்று அழைக்கும் மினி கெப்பில் ஏறவே வேண்டாம். அவை முன்கூட்டியே பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். வீதியில் கைகாட்டி நிறுத்தக்கூடியது கறுப்பு டாக்சி மாத்திரமே.

முதல் பிரயாணமாக வைட்சப்பல் சென்று பாருங்கள். எலிசபெத் பாதையில் அந்நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் கிழக்கு இலண்டன் பள்ளிவாசல். அதன் மர்யம் நிலையம் 2013 இல் பெண்களுக்காகத் திறக்கப்பட்டது. ஒரு முறை பிள்ளைகளோடு போய் வழியைப் பழகுங்கள். வீட்டு முகவரியைத் தாளொன்றில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை லுஹருக்கு நீங்களே போய்வரலாம்.