மன்னிப்புக் கேட்கும் பலகைகள்



ஜப்பான் நாட்டு வீதியொன்றில் நீங்கள் நடந்து செல்வதாக வைத்துக் கொள்ளுங்கள். சாலையோரத்தில் கட்டட வேலை நடக்கிறது. வேலியில் ஒரு பலகை. அதில் தலைக்கவசம் அணிந்த தொழிலாளி ஒருவர் பணிவோடு குனிந்து நிற்கும் சித்திரம். "தங்களுக்குத் தொல்லை தருகிறோம், பொறுத்தருள வேண்டும்" என்பது அதன் பொருள். பலகைகள் கட்டளையிடும், எச்சரிக்கும். மன்னிப்புக் கேட்கும் பலகையை அங்கே காணலாம்!

எங்கே நிற்பது, எங்கே செருப்பைக் கழற்றுவது, எதை எந்தக் கிழமையில் எறிவது என்று அந்நாட்டுச் சுவர்கள் ஓயாமல் பேசிக் கொண்டிருக்கின்றன. பயணிக்கு முதலில் சிரிப்பு வரும். பிறகு சிந்தனை வரும்.

செருப்பு படுத்தும் பாடு

வீட்டு வாசலில் காலணியைக் கழற்றுவது நமக்கும் பழக்கமானதே. அங்கோ உள்ளே நடக்க ஒரு செருப்பு; கழிவறைக்கென்று வேறொரு செருப்பு; பாய் விரித்த அறையில் எந்தச் செருப்பும் கூடாது. கழிவறைச் செருப்புடனேயே கூடத்துக்கு வந்து அசடு வழிந்த வெளிநாட்டார் பலர். நஜீஸான இடத்தையும் தொழும் இடத்தையும் பிரித்துப் பழகிய நமக்கு இவ்விதியின் நியாயம் எளிதில் விளங்கும்.

கழிவறைக்குள் இன்னும் வேடிக்கை. நீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் இருக்கை இன்று அங்கே பெரும்பாலான வீடுகளில் பரவிவிட்டது. அதில் வரிசையாகப் பொத்தான்கள். படத்தைக் கவனியாமல் அழுத்தினால் உடை நனைவது உறுதி! ஒரு பொத்தானை அழுத்தினால் நீரோடும் ஓசை மட்டும் கேட்கும், நீர் வராது. தம் ஓசை வெளியே கேட்கலாகாதென்று பெண்கள் மீண்டும் மீண்டும் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்தனர். அவ்வாறு நீர் வீணாவதைத் தடுக்க வந்த கருவி அது. நாணமும் காக்கப்பட்டது, நீரும் காக்கப்பட்டது! உளூச் செய்யும் நீரிலும் விரயம் கூடாதென்று கற்ற நாம், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசுவதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

குப்பைக்கும் கிழமை உண்டு

எரியும் குப்பைக்கு ஒரு நாள், போத்தலுக்கு ஒரு நாள், காகிதத்துக்கு ஒரு நாள் என்று ஒவ்வோர் ஊரிலும் அட்டவணை உண்டு. சிக்கோக்கு தீவிலுள்ள கமிகட்சு என்னும் மலையூர், குப்பையை 45 வகையாகப் பிரித்து உலகப் புகழ் பெற்றது! வகை மாற்றிக் கட்டிய மூட்டையை எடுக்காமல், ஒரு சீட்டை ஒட்டி அங்கேயே விட்டுச் செல்வார்கள். தெருவே பார்க்கும்!

இவ்வளவுக்கும் வீதிகளில் குப்பைத் தொட்டியைக் காண்பது அரிது. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பின் பல தொட்டிகள் அகற்றப்பட்டன. தொட்டி போனது; தூய்மை போகவில்லை. மக்கள் தம் குப்பையைப் பையில் வைத்து வீட்டுக்கே எடுத்துச் செல்கிறார்கள்.

பலகை தோற்ற இடம்

அங்கும் பலகை தோற்ற இடம் ஒன்றுண்டு. நகரும் படிக்கட்டில் டோக்கியோ மக்கள் இடப்பக்கம் நிற்பார்கள். ஒசாக்கா மக்கள் வலப்பக்கம் நிற்பார்கள். மறுபக்கம் அவசரக்காரருக்கு. இது எவரும் சட்டமாக எழுதாத வழக்கம். நடப்பதால் விபத்து நேர்கிறதென்று, அனைவரும் நின்றே செல்ல வேண்டுமென 2021 அக்டோபரில் சைத்தாமா மாநிலமும், 2023 அக்டோபரில் நகோயா நகரமும் விதி செய்தன. பலகை வைத்த பிறகும் நடப்பவர் நடந்து கொண்டுதான் இருக்கிறார்கள்!

ஆக, எழுதி வைத்ததனாலேயே ஒரு விதி நிலைத்துவிடுவதில்லை. பின், மற்ற விதிகள் எதனால் நிற்கின்றன? பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பாருங்கள். சிறு பிள்ளைகள் தம் வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் தாமே கூட்டித் துடைக்கிறார்கள். பிறருக்குத் தரும் தொல்லையை அவர்கள் மொழியில் 'மெய்வாகு' என்பார்கள். நம் காதுக்கு 'மெய்வாக்கு' போல ஒலிக்கும் அச்சொல்லைக் கேட்டே அப்பிள்ளைகள் வளர்கிறார்கள். கை பழகியதைத்தான் சுவரிலுள்ள பலகை நினைவூட்டுகிறது.

நம் கையில் என்ன?

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். மதரஸாவில் ஓதும் பிள்ளை இதை மனப்பாடமாக ஒப்பிக்கும். ஒப்பித்துவிட்டு வெளியே வந்ததும் மிட்டாய்த் தாளை வாசலிலேயே போடும்! குற்றம் பிள்ளையுடையதா? இல்லை. ஆசிரியனாகிய நான் பாடத்தை ஓதிக் கொடுத்தேன். துடைப்பத்தை எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டேன்.

பெற்றோர்களே! இந்த வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டு வாசலைக் கூட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஆண்பிள்ளையை விட்டுவிடாதீர்கள். நீங்களும் உடன் நில்லுங்கள். அறிந்ததைச் செயலில் காட்டும் மக்களாக நம்மையும் நம் சந்ததியையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.