இல்லத்தில் ஒரு ஹாம் வானொலி நிலையம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 ஆகிய நாட்களில் நெல்லைச் சீமையிலும் தூத்துக்குடியிலும் பெய்த பெருமழையை நம்மில் மறந்தார் இலர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு வண்டி ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுவிட்டது. அவர்களுள் கடைசியாய் எஞ்சியிருந்தோர் 19ஆம் தேதியே மீட்கப்பெற்றனர். பல ஊர்களில் மின்சாரம் அற்றது. மின்சாரம் அற்றபின் கைப்பேசிக் கோபுரங்களும் ஊமையாயின. சங்கரன்கோவிலில் இருந்த யாங்கள், தாமிரவருணிக் கரையில் வாழும் எம் உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்பதையும் அறியாமல் மூன்று நாட்கள் தவித்தோம். உலகம் முழுவதையும் உள்ளங்கையில் அடக்கிவிட்டோம் என்று இறுமாந்திருந்த நமக்கு, அறுபது கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு சொல்லை அனுப்ப வழியில்லாமற் போயிற்று. இடையில் கோபுரமும் கம்பெனியும் இல்லாமல், ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குப் பேச இயலாதா என்ற வினா அன்றுதான் என் உள்ளத்தில் எழுந்தது.

இயலும் என்பதற்குச் சான்று முன்னரே உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார், ஹாம் வானொலிப் பயிற்சிக்காகச் சில தோழர்களுடன் அந்தமானிலுள்ள போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார். டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து தீவுகளின் செய்தித் தொடர்பைச் சிதைத்தபொழுது, பொழுதுபோக்காய்க் கொண்டுசென்ற அக் கருவிகளே தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே பாலமாயின. உற்றாரைத் தேடித் தவித்த எத்தனையோ குடும்பங்களுக்கு அவ்வழியே செய்தி கிட்டிற்று.

ஹாம் வானொலி யாது எனின், ஊதியமும் வாணிபமும் கருதாது, கல்வியும் நட்பும் பொதுச் சேவையும் கருதித் தனி மனிதர் தம் இல்லத்தில் நடத்தும் வானொலி நிலையம் என்க. பேசவும் கேட்கவும் ஒருங்கே பயன்படும் பெட்டியை டிரான்ஸீவர் என்பர். ஹாம் அன்பர்கள் ‘செட்’ என்றே வழங்குவர். இம் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1924ஆம் ஆண்டிலேயே ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் கூடிச் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, சிறியதொரு நிலையத்திலிருந்து ஒலிபரப்பினர். தமிழ்நாட்டில் வானொலி பிறந்தது ஆர்வலர் கையிலேயாம்.

“குறைந்த விலையில் எந்த செட் வாங்கலாம்?” என்று என்னிடம் வினவும் இளைஞர்கட்கெல்லாம் நான் கூறும் விடை ஒன்றே. முதலில் செட்டை வாங்காதீர். முதலில் கேட்கப் பழகுக. இரண்டாவது லைசென்ஸ் பெறுக. மூன்றாவது நல்ல கம்பி கட்டுக. செட் நான்காவதாய் வரட்டும். இவ்வரிசையைத் தலைகீழாக்கினவர் பணத்தை இழப்பர், சிலபொழுது மானத்தையும் இழப்பர்.

லைசென்ஸைப் பற்றிச் சிறிது கூறுவேன். நம் நாட்டில் அனுமதியின்றி ஒலிபரப்பும் செட்டை இயக்குதல் மட்டுமன்று, வைத்திருத்தலும் குற்றமாகும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த வயர்லெஸ் பிரிவார் நடத்தும் தேர்வில் வானொலிப் பௌதிகத்தின் அடிப்படையும் சட்டவிதிகளும் வினவப்படும். பன்னிரண்டு வயது நிரம்பினோர் எழுதலாம். நம் கல்லூரி இண்டர்மீடியட் வகுப்புப் பௌதிகம் கற்றவர் தாத்தாக்களாயினும், பள்ளிப் பௌதிகம் கற்ற பேரப்பிள்ளைகளாயினும், சில மாதப் பயிற்சியால் தேறிவிடக் கூடியதே. தேறியவர்க்கு ‘வி.யூ.’ என்று தொடங்கும் அழைப்புக் குறி ஒன்று வழங்கப்படும். உலகில் வேறு எவருக்கும் இல்லாத பெயர் அது. இணையக் கடைகளில் வாக்கி-டாக்கி என்ற பெயரால் விற்கப்படும் பெட்டிகளை விளையாட்டுப் பொருள்போல் வாங்கி வருவாரை நான் அறிவேன். அத்தகைய விற்பனையின் பொருட்டு 2025ஆம் ஆண்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதையும் ஈண்டு நினைவூட்டுகின்றேன். காவற்படையாரும் விமானத்தாரும் பேசும் அலைகளில் அறியாமல் புகுந்துவிடுதல் சிறு பிழையன்று.

தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தில் கேட்கப் பழகலாம். ஒற்றைப் பக்கப் பட்டை என்னும் முறையிற் பேசப்படுவதைக் கேட்கவல்ல சிற்றலை ரேடியோ ஒன்று போதும். நான் அத்தகைய ரேடியோவை வாங்கி, மொட்டை மாடியிற் கம்பி கட்டி, ஆவலோடு காதை வைத்தேன். கேட்டதெல்லாம் ஒரே இரைச்சல். எங்கள் தெருவில் விசைத்தறிகள் பல உண்டு. அவற்றின் மோட்டார்களும், வீடுதோறும் எரியும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் அலைகளைக் கலக்கிவிடுகின்றன என்பதை நான் அப்பொழுது அறியேன். கருவி பழுதென்று எண்ணித் திருப்பிக் கொடுக்கவும் துணிந்தேன். ஒருநாள் காலை மின்தடை உண்டாயிற்று. தறிகள் நின்றன, தெரு அடங்கிற்று. பேட்டரியில் ஓடிய ரேடியோவிலிருந்து தெளிவாகக் குரல்கள் எழுந்தன. 7 மெகாஹெர்ட்ஸ் அலையில் அன்பர் ஒருவர் தம் ஊரில் மழை பெய்வதாக மற்றொருவர்க்குக் கூறிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் இருளும் வேளையே இக் கலைக்கு ஒளி மிகும் வேளை என்பதை அன்று கண்டுகொண்டேன்.

இனி செட்டைத் தெரிந்தெடுத்தலுக்கு வருவோம். மலிவானவை இருவகை. முதலாவது கையடக்க செட். இது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் அலைவரிசையில் 5 வாட் அளவில் இயங்கும். சீன நாட்டு செட்கள் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். லைசென்ஸைக் காட்டி, இந்நாட்டு அனுமதி பெற்றதையே வாங்குக. ஆனால் இதன் எல்லையை அறிதல் வேண்டும். இவ்வலைகள் பார்வை செல்லும் திசையிலேயே பெரும்பாலும் செல்வன. பத்து மீட்டர் உயரமுள்ள இரு ஏரியல்கள் தரைமட்டமான நிலத்தில் ஒன்றையொன்று காணும் தூரம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். ஆகவே சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடிக்குப் பேசலாம், கழுகுமலைக்கும் பேசலாம். திருநெல்வேலி எட்டாது. இடையில் உயர்ந்த மலைமீது மறு ஒலிபரப்பு நிலையம் ஒன்று இருப்பினன்றி அது கூடாது. கையிலுள்ள செட்டின் சிறு ரப்பர் ஏரியலை மட்டும் நம்பி வீட்டுக்குள் அமர்ந்து பேசினால் இத் தூரமும் சுருங்கிவிடும்.

இரண்டாவது வகை சிற்றலை செட். ஜப்பானியர் செய்யும் 100 வாட் செட்கள் பழையனவாயினும் பல பதினாயிரம் ரூபாய் பெறும். மாணவர் கைக்கு அவை எட்டா. இக்குறையைக் கண்டு இரங்கிய ஒருவர் ஹைதராபாத்தில் வாழும் அஷ்ஹர் பர்ஹான். இந்தியாவிற் கடைத்தெருவில் கிட்டும் பொருள்களைக் கொண்டே செட் அமைக்க வேண்டும் என்று துணிந்து, 2000த்தை அடுத்த ஆண்டுகளில் ‘பிட்எக்ஸ்’ என்னும் அமைப்பை அவர் வகுத்தார். கம்ப்யூட்டரில் வரும் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களை வடிகட்டியாக்கினார். தண்ணீர்க் குழாயில் இடும் வாஷரையே கம்பிச்சுருள் சுற்றும் அச்சாக்கினார். வரைபடத்தை மறைத்துவையாது உலகுக்கே ஈந்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கானோர் அதனைப் பின்பற்றிச் செய்தனர்.

அதன் நுட்பம் நம் ஊரார்க்கு எளிதில் விளங்கும். தறியில் ஒரே நாடா இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் ஓடி இருபுறமும் நெய்வதன்றோ? அதுபோல இச் செட்டில் ஒரே உறுப்புகள் கேட்கும்பொழுது ஏரியலிலிருந்து காதுக்கும், பேசும்பொழுது வாயிலிருந்து ஏரியலுக்கும் குரலைக் கொண்டு செல்கின்றன. இரட்டை உறுப்புகள் வேண்டாமையால் செலவு பாதியாய்க் குறைகின்றது. 2016இல் 7 மெகாஹெர்ட்ஸுக்குரிய பிட்எக்ஸ்40 என்னும் பலகை வெளிவந்தது. ஹைதராபாத்துப் பெண்கள் கூடிக் கையால் சுருள் சுற்றி அதனை முடித்தனர். பின்னர் பல அலைவரிசைகளுக்கும் பொதுவான மைக்ரோபிட்எக்ஸ் வந்தது. இவற்றின் ஆற்றல் 7 முதல் 10 வாட் அளவே.

“ஏழு வாட் எங்ஙனம் போதும்?” என்று நீர் ஐயுறலாம். கணக்கிட்டுப் பாரும். 5 வாட்டை 100 வாட்டாக்கினால் ஆற்றல் இருபது மடங்காகும். கேட்பவரின் அளவுமானியிலோ முள் ஏறத்தாழ இரண்டு படிகளே உயரும். விலையோ பன்மடங்காகும். அப் பணத்தில் நூற்றில் ஒரு பங்கைக் கம்பியிற் செலவிட்டு, ஏரியலைத் தெளிந்த இடத்தில் உயர்த்திக் கட்டினால், அவ்விரு படிகளையும் பெறலாம். ஏழை மாணவன் செல்வரோடு சமமாய் நிற்கக்கூடிய இடம் இதுவே.

கம்பியைக் கட்டும் முறை வருமாறு. 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிட்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர். அதனை நடுவே வெட்டிப் பத்துப் பத்து மீட்டராக்கி, இடையே பிளாஸ்டிக் துண்டு வைத்து, இரு முனைகளையும் கேபிளின் உட்கம்பியோடும் வெளிவலையோடும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். நடுவை மூங்கிலால் உயர்த்தி இரு முனைகளையும் நைலான் கயிற்றாற் சாய்த்துக் கட்டலாம். இடம் குறைந்த மாடிக்கு இதுவே ஏற்றது. சற்று நீளமாய்க் கட்டி, மீட்டரைப் பார்த்துச் சிறிது சிறிதாய் நறுக்குக, நறுக்கியது ஒட்டாது. 15 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் சிறிதே விழுங்கும். இரண்டு மீட்டர் அலையிலோ ஆற்றலிற் பாதியை விழுங்கிவிடும். ஆதலால் கையடக்க செட்டுக்கு மாடி ஏரியல் வைப்போர் நல்ல கேபிளையே வாங்குக.

தாழக் கட்டிய சிற்றலைக் கம்பிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அலைகள் மேல்நோக்கிச் சென்று அயனமண்டலத்திற் பட்டு, குடை விரித்தாற்போல் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் பரப்பில் இறங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையும் அவற்றைத் தடுக்காது. வெள்ளக் காலத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் சென்னைக்கும் வேண்டியது இத்தகைய குடையே. நம் வானமோ உலகில் அரியது. பூமியின் காந்த நடுவரை நம் தென்கோடியை ஒட்டிச் செல்கின்றது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும் இக்காரணம் பற்றியே. பிற நாட்டார் நூலிற் படிக்கும் அயனமண்டல விந்தைகளை, நீர் மாடியில் இருந்தே காதாற் கேட்கலாம்.

செட்டை இயக்கச் சில எச்சரிக்கைகள் கூறுவேன். ஏரியல் இணையாமல் பேசும் பொத்தானை அழுத்தாதீர். கடைசி டிரான்ஸிஸ்டர் கருகிவிடும். கம்பி தெருவின் மின்கம்பியை எட்டக்கூடிய இடத்தில், அறுந்து விழினும் தொடக்கூடிய இடத்தில், ஒருபோதும் கட்டாதீர். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்பொழுது கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே இடுக. சிறு செட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்றே சாலும். பேசும்பொழுது ஒன்று முதல் இரண்டு ஆம்பியரே இழுக்கும். அதனைச் சூரியப் பலகையால் நிரப்பி வைத்தால் மின்தடை உமக்கு ஒரு பொருட்டன்று.

பேசும் முறையும் கல்வியே. முதலிற் கேட்டு, அலை வெறுமையாய் இருத்தலை அறிந்து, அழைப்புக் குறியைக் கூறித் தொடங்குக. ஊர்ப் பெயரை ‘சியரா, ஆல்பா, நவம்பர்’ என்று எழுத்தெழுத்தாய்க் கூறினால் இரைச்சலிலும் விளங்கும். வாணிபமும் அரசியலும் மதவாதமும் அங்கே பேசப்படா. பேசியவை நாளேட்டிற் குறிக்கப்படும். இடர்ப்பட்டவர் குரல் கேட்பின் ஏனையோர் அனைவரும் வாய்மூடி வழிவிடுவர். ஒருவர் பேச ஒருவர் கேட்டல் என்னும் பழைய நாகரிகத்தை இப் பெட்டி கட்டாயப்படுத்திக் கற்பிக்கின்றது.

மாணவ நண்பர்களே, இவ்வளவையும் ஒருவரே செய்தல் வேண்டுமென்பதில்லை. நால்வர் கூடினால் ஒரு ரேடியோவும் ஒரு மீட்டரும் ஒரு பற்றவைக்கும் கோலும் நால்வர்க்கும் ஆகும். வெள்ளம் வந்தபின் நீந்தக் கற்பார் இல்லை. மீண்டும் ஒரு டிசம்பர் வருமாயின், கோபுரங்கள் ஊமையாகுமாயின், நம்முள் ஒருவன் பேட்டரியை இணைத்து, “சங்கரன்கோவில் பேசுகின்றது, கேட்கின்றதா?” என்று வினவ வல்லவனாய் இருத்தல் வேண்டும். மறுமுனையிலும் ஒருவன் இருத்தல் வேண்டும். இருவரும் இன்று நம் வகுப்பறைகளிலேயே அமர்ந்திருக்கின்றனர் என்று நம்புகின்றேன்.